பேராசிரியர் வாயில் வந்த பிரார்த்தனை

பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் பேராசிரியர் சரிந்து விழுந்தார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. கோணிக்கொண்ட வாய் சில நாளில் நேரானது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. முழுக்கப் போயிருந்தால்கூட வீட்டில் இருப்பவர்கள் எப்படியோ பழகிக்கொண்டிருப்பார்கள். ஒரே ஒரு வார்த்தை மிச்சம் இருந்ததுதான் தொல்லை. 'இல்லை' என்ற வார்த்தை.

காபி வேண்டுமா என்று கேட்டால், "இல்லை." சரியென்று கோப்பையை எடுத்துக்கொண்டு போனால் இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இல்லை, இல்லை, இல்லை" என்று கத்துவார். தலை மட்டும் மேலும் கீழும் ஆடும். அதாவது வேண்டும் என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிப்பதற்குள் அவருடைய மனைவி நிறையக் காபியைத் தொட்டியில் கொட்டிவிட்டார்.

அவர் கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். அதிலும் ஒரே ஒரு ஜெர்மன் தத்துவவாதிக்காகவே பிறந்தவர் மாதிரி வாழ்ந்தவர். ஒழுக்கம் வானத்திலிருந்து இறங்கி வந்ததல்ல, மனிதன் தன் தேவைக்குச் செய்துகொண்டது. கடவுள் மேல் இருந்த நம்பிக்கை உள்ளுக்குள் எப்போதோ செத்துவிட்டது, நாம்தான் அது இன்னும் நடமாடுவதாகப் பாவனை செய்கிறோம். வாழ்க்கைக்கு அர்த்தம் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை, அவரவர் உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான். இதையெல்லாம் வகுப்பில் சொல்லி மாணவர்களை மிரட்டிவிட்டு, கடைசியில் அந்த ஜெர்மன்காரர் சொல்ல வந்தது வேறு என்பாராம். நல்லது கெட்டது அத்தனையோடும் சேர்த்து இந்த வாழ்க்கையைப் பார்த்து 'ஆமாம்' என்று சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்பாராம். அப்படிப்பட்டவர் வாயில் 'இல்லை' மட்டும் தங்கியது. கேள்விப்பட்ட பழைய மாணவர்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவளுக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது. காலையில் ஒரு மருத்துவமனையிலும் மதியத்துக்கு மேல் வீடு வீடாகவும் போய் வேலை பார்ப்பவள் அவள். தோள்பையில் படம் போட்ட அட்டைகள், ஒரு கைக்கண்ணாடி, குரல் பதிவு செய்யும் சின்னக் கருவி. ஒற்றை வார்த்தையோடு நின்றுபோனவர்களை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள். ஒரு துணிக்கடைக்காரருக்கு 'அடடா' மட்டும் மிஞ்சியிருந்தது. அவர் அதை வைத்துக்கொண்டே ஒரு முழுக் கல்யாணத்தைச் சமாளித்துவிட்டு வந்தார். ஆகவே 'இல்லை' அவளுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

முதல் நாள் சீப்பு, சாவி, கோப்பை என்று அட்டைகளை மேஜையில் பரப்பினாள். "சாவி எது, காட்டுங்க சார்?" என்றாள். பேராசிரியர் சாவியைத் தொட்டார். "சூப்பர் சார்! எவ்வளவு அழகா காட்டுறீங்க!" என்று வழக்கமாகக் கொஞ்சும் குரலில் சொன்னாள். சீப்பைத் தொட்டார். "ஆஹா, ரொம்ப நல்ல பிள்ளை" என்று வாயில் வந்துவிட்டது. பேராசிரியர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு இடது கையால் மேஜையை ஒரே வீச்சில் வழித்தார். அட்டைகள் அறை முழுக்கப் பறந்தன.

மகன்தான் குனிந்து பொறுக்கினான். அவன் வக்கீல். அப்பாவின் வகுப்பிலேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் பிறகு சட்டத்துக்குப் போனவன். அவளை வழியனுப்ப மாடிப்படி வரை வந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அப்பாவுக்கு யாராவது இரக்கப்பட்டா ஆகாது. அது அவர் குணம் மட்டும் இல்ல, அவர் கொள்கையே அதுதான்" என்றான்.

அவர் வகுப்பில் நடத்திய ஜெர்மன்காரர் இரக்கத்தின் மேல் பெரிய சந்தேகம் கொண்டவர் என்று அவன் விளக்கினான். இரக்கப்படுகிறவன் தனக்கே தெரியாமல் ஒரு படி மேலே ஏறிக்கொள்கிறான். இரக்கத்துக்கு ஆளானவன் ஒரு படி இறங்குகிறான். இதில் யாருக்கும் பலம் கூடுவதில்லை. அப்பா சொன்ன உதாரணம் கூட அவனுக்கு நினைவிருந்தது. கீழே விழுந்தவனைத் தூக்கி விடுவது ஒன்று, தூக்கிவிட்டுத் தலையைத் தடவிக் கொடுப்பது வேறொன்று.

படி இறங்கிப் போகும்போது அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை பேருக்குப் பேச்சு வரவழைத்தவளுக்கு, நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு வக்கீல் பாடம் எடுக்கிறானே என்றிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு வேறொன்று உறைத்தது. அந்தக் கொஞ்சல் குரல் அவளுடைய நிஜக் குரலே அல்ல. வீட்டில் புருஷனிடம் அந்தக் குரலில் பேசினால் அவன் பயந்துபோவான். அது ஏன் நோயாளியிடம் மட்டும் வருகிறது?

அடுத்த முறை அவள் சாதாரணமாகப் பேசினாள். "இது சரி. அது வரலை. மறுபடி பார்க்கலாம்." அவ்வளவுதான். பேராசிரியர் அட்டைகளைத் தள்ளவில்லை. உட்காரும் இடத்தையும் மாற்றி, கூடத்திலிருந்து அவருடைய படிப்பறைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று சுவரும் புத்தகம். நாலாவது சுவரில் ஜன்னலும், அதன் பக்கத்தில் ஒரு பழைய புகைப்படமும். வாயையே மூடிவிடும் அளவுக்கு மீசை வைத்த ஒரு மனிதர். அதுதான் அந்த ஜெர்மன்காரர் என்று மகன் சொன்னான். பெயரையும் சொன்னான். வீட்டுக்குப் போய் அவள் அதைப் புருஷனிடம் சொல்ல முயன்றாள், நாக்கு சுளுக்கிக்கொண்டது. அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் அவர் 'மீசைக்காரர்' ஆனார்.

மரியாதையாக நடத்தியதில் பேராசிரியர் ஒத்துழைத்தார், ஆனால் வார்த்தை வரவில்லை. கண்ணாடியைப் பார்த்து உதட்டைக் குவித்தார், நாக்கை நீட்டினார், மூச்சை அடக்கினார். ஒண்ணு ரெண்டு மூணு என்று கூடவே சேர்ந்து எண்ணச் சொன்னாள். நாலு வரை முணுமுணுப்பு வந்தது, அதோடு நின்றது. பிறகு 'இல்லை'. அவருக்கே வெறுத்துப்போய்த் தலையைத் திருப்பிக்கொள்வார்.

அவருக்குப் பிடித்த பாட்டு ஏதாவது உண்டா என்று அவள் அவருடைய மனைவியிடம் விசாரித்தாள். பேராசிரியரின் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அந்தத் தெருவில் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். சினிமாப் பாட்டு என்றால் இவர் எழுந்து போய்விடுவார், ரெக்கார்டில் வயலின் கேட்பார், கூடப் பாடி நான் பார்த்ததில்லை என்றார் டீச்சர். சொல்லிவிட்டு, பாத்திரம் கிடக்கிறது என்று சமையலறைக்குப் போனார்.

பாத்திரம் தேய்க்கும்போது டீச்சருக்கு முனகும் பழக்கம் உண்டு. வெளியே கேட்காத மாதிரி, வாய்க்குள்ளேயே. குழாய் நின்றுபோன ஒரு நொடியில் அந்த முனகல் படிப்பறைக்கு வந்தது. ஏதோ இரண்டு வரி மெட்டு. பயிற்சியாளர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அவள் முன்னால் இருந்தவர் வாயைத் திறந்தார்.

"எழுந்தாலும் உன் மடி, விழுந்தாலும் உன் மடி, எங்கே நான் போனாலும் எனக்கு முன்னே உன் அடி."

ஒரு எழுத்து பிசகவில்லை. குரல் கொஞ்சம் கரகரத்தது, அவ்வளவுதான். சமையலறையில் சத்தம் அடங்கியது. டீச்சர் சோப்பு நுரை சொட்டும் கையோடு வாசலில் வந்து நின்றார். பேராசிரியர் மறுபடி முதலிலிருந்து பாடினார். பாடி முடித்ததும் எல்லாரையும் விட அவர்தான் அதிகம் திகைத்துப் போயிருந்தார். "இல்லை?" என்றார், கேள்வி மாதிரி.

அது சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் வரிசையாக நிற்க வைத்துப் பாடவைக்கும் பிரார்த்தனை. பேராசிரியரும் டீச்சரும் வேறு வேறு ஊரில் படித்தவர்கள், ஆனாலும் பாட்டு ஒன்றுதான். கல்யாணமான புதிதில் டீச்சர் வீட்டு வேலை செய்துகொண்டே இதை வாய்விட்டுப் பாடுவாராம். "கேக்குற ஆள் இல்லாத வீட்டுக் கதவை ஏன் தட்டுறே?" என்று பேராசிரியர் கிண்டல் செய்த பிறகு வாய்க்குள் போய்விட்டது. சாமி கும்பிடுவதும் அதேபோல் அடுப்பு முன்னால், கண்ணை மூடி ஒரு நிமிஷம், யாரும் பார்க்காதபோது.

மூளையில் பேச்சுக்கு ஒரு பக்கம், மனப்பாடமான பாட்டுக்கும் எண்ணுவதற்கும் திட்டுவதற்கும் வேறு இடங்களும் உதவி செய்யும் என்று பயிற்சியாளர் விளக்கினாள். பேச்சுப் பகுதி அடிபட்டாலும் பாட்டு தப்பித்துக்கொள்வது உண்டு. பலருக்கு அப்படித்தான்.

டீச்சர் கையிலிருந்த நுரையைப் புடவையில் துடைத்தார். "அப்போ சாமி அந்தத் தப்பிச்ச மூலையிலதான் இருந்திருக்காரா?" என்று கேட்டார். வேடிக்கையாகக் கேட்கவில்லை. கணக்கில் ஒரு விடையைச் சரிபார்க்கிற மாதிரிக் கேட்டார். 

அன்று மாலைக்குள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் போய்விட்டது. நாத்தனார், கொழுந்தன், ஓரகத்தி, ஒருவர் விடாமல். "அவர் சாமிகிட்ட திரும்பி வந்துட்டார்" என்று டீச்சர் சொன்னார். மறுபக்கத்தில் சிலர் அழுதார்கள். நாத்தனார், 'இதுக்குத்தான் அவனுக்கு இப்படி ஆச்சு' என்று சொன்னார். அது டீச்சருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அந்தச் சந்தோஷத்தில் கண்டுகொள்ளவில்லை.

விஷயம் மகனுக்கு அத்தை வழியாகப் போனது. அடுத்த பயிற்சி நாளில் கோர்ட்டிலிருந்து நேராக வந்தான். பயிற்சியாளர் அன்று வேலையை முடித்துப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள், ஆகவே எல்லாம் அவள் காதுபடவே நடந்தது. அப்பா எதுவும் பேச முடியாத நேரம் பார்த்து அவர் வாயில் உன் சாமியைத் திணிக்கிறாயா என்று அம்மாவைக் கேட்டான். நான் எங்கே திணித்தேன், தானாகத்தான் வந்தது என்றார் டீச்சர். தானாக வருவது பக்தி இல்லை, டேப் ஓடுகிற மாதிரி, பொத்தானை அழுத்தினால் ஓடுகிறது என்றான் அவன்.

"விழுந்தாலும் உன் மடியாம். அப்பா விழுந்தப்போ தாங்கினது பாத்ரூம் தரைதான்" என்றான்.

 டீச்சரின் முகம் சிறுத்துப்போனது. மகனுக்கும் தான் சொன்னது அதிகம் என்று பட்டிருக்க வேண்டும், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பயிற்சியாளர் தன் யோசனையைச் சொல்ல அது நல்ல நேரமில்லைதான். ஆனால் அவளுக்கு அது உள்ளே குறுகுறுத்துக்கொண்டிருந்தது. அந்த மெட்டுதான் இப்போதைக்கு இருக்கிற ஒரே பாதை. அதே மெட்டில், இடது கையால் தாளம் தட்டிக்கொண்டே, வேறு வார்த்தைகளைப் பாடச் சொல்லலாம். 'தண்ணி வேணும்', 'கால் வலிக்குது', இப்படி. கொஞ்சம் கொஞ்சமாக மெட்டைக் குறைத்துக்கொண்டே வந்தால் பேச்சு மட்டும் நிலைத்துவிடும். எல்லாருக்கும் பலிக்காது, சிலருக்குப் பலித்திருக்கிறது.

அதுவரை எதிரெதிராக நின்ற அம்மாவும் மகனும் ஒரே குரலில் கூடாது என்றார்கள்.

"அது சாமி பாட்டும்மா. அந்த மெட்டுல போய் 'பாத்ரூம் போகணும்'னு பாடுறதா?" என்றார் டீச்சர்.

"எதை வாழ்நாள் முழுக்க வேண்டாம்னு சொன்னாரோ, அதையே தினம் பாட வைக்கப் போறீங்களா?" என்றான் மகன்.

பயிற்சியாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் வேண்டாம்னு சொல்றீங்க. அவரை இன்னும் யாருமே கேக்கலையே" என்றாள்.

பேராசிரியர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மூன்று பேரையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவள் அவர் எதிரில் போய் உட்கார்ந்தாள். வார்த்தை வேண்டாம், தலை அசைத்தால் போதும் என்றாள். அந்த அசைவை நம்பலாமா என்று தெரிந்துகொள்ள முதலில் சில கேள்விகள் கேட்டாள். நீங்கள் டாக்ஸி ஓட்டினீர்களா? தலை பக்கவாட்டில் ஆடியது. இவன் உங்கள் மகனா? மேலும் கீழும். ஜன்னல் மூடியிருக்கிறதா? திரும்பிப் பார்த்துவிட்டு, இல்லையென்று ஆட்டினார். எல்லாம் சரியாக இருந்தது.

"அந்தப் பாட்டோட மெட்டை வச்சு நாம பேச்சு பழகலாமா சார்?"

பேராசிரியர் மனைவியைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று டீச்சர் பதறி எழுந்தார். அழவில்லை, சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் முறை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, நாற்காலிக் கையில் இடது கையால் தாளம் போட்டு, மெட்டை அவரே எடுத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வாரம் மூன்று நாள் அந்தப் படிப்பறையில் ஒரு விசித்திரக் கச்சேரி நடந்தது. "தண்-ணி வே-ணும்" என்று அவள் மெதுவாகப் பாடுவாள், அவர் கையைத் தட்டிக்கொண்டே கூடச் சேருவார். முதலில் மெட்டு மட்டும் வந்தது. பிறகு 'தண்' வந்தது. ஒரு நாள் 'தண்ணி' முழுசாக வந்தது. டீச்சர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பேராசிரியர் குடித்துவிட்டு மறுபடி 'தண்ணி' என்றார். மறுபடி கொண்டுவந்தார். மூன்றாவது தடவை கொண்டுவந்தபோது கையால் தடுத்தார். தாகத்துக்காகக் கேட்கவில்லை, சொல்ல முடிகிறதே என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'பாத்ரூம் போகணும்' முதலில் பாடப்பட்ட அன்று டீச்சர் காதைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். சில வாரம் கழித்து, பயிற்சியாளர் வராத நாளில் அவர் தடுமாறியபோது, டீச்சரே மெட்டை எடுத்துக் கொடுத்தாராம். "சாமி கோவிச்சுக்கிற ஆளா இருந்தா இவர்மேல முன்னாடியே கோவிச்சிருப்பார்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

எந்த வார்த்தைக்காகப் பேராசிரியர் பாடுபடுவார் என்று கண்டுபிடிக்கப் பயிற்சியாளர் விரும்பினாள். சீப்பும் சாவியும் யாருக்கு வேண்டும்? அவருடைய வகுப்புக் குறிப்புகளின் நகலை மகனிடம் கேட்டு வாங்கிப் படித்தாள். பாதி புரியவில்லை. புரிந்த பாதி விடமாட்டேன் என்றது. சாப்பிடும்போது அதைப் புருஷனிடம் அவிழ்த்து வைப்பாள். அவன் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் ஆள், எதையும் ஸ்டியரிங் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பவன். ஒழுக்கம் மனிதன் செய்துகொண்டதுதானாம் என்று அவள் சொன்னாள்.

"சிக்னலும்தான் மனுஷன் செஞ்சது. அதுக்காக நான் சிவப்புல போவேனா?" என்றான் அவன்.

"போலீஸ் இல்லைன்னா?"

கொஞ்சம் யோசித்தான். "போலீஸ் இல்லைன்னா எத்தனை பேர் நிப்பாங்கன்னு எனக்குத் தெரியும். அதைத்தான் கேக்குறாரா உன் மீசைக்காரர்? அப்போ விவரமான ஆள்தான்" என்றான்.

குறிப்புகளில் ஒரு கேள்வி அவளை நிறைய நாள் அலைக்கழித்தது. இதுவரை வாழ்ந்த வாழ்க்கை, ஒரு சின்ன விஷயம்கூட மாறாமல், மறுபடியும் மறுபடியும் இதேபோலத் திரும்பி வரும் என்று யாராவது உன்னிடம் வந்து சொன்னால், நீ சந்தோஷப்படுவாயா, பல்லைக் கடிப்பாயா? பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, அந்தக் கேள்வி வந்து பக்கத்தில் நின்றது. புருஷனைக் கேட்டாள். கிளட்சை மிதிக்கத் தெரியாத ஆட்களையும் சேர்த்தா என்று விசாரித்தான் அவன். ஆமாம் என்றாள். அப்படியென்றால் யோசித்துத்தான் சொல்ல முடியும் என்றான்.

கடைசியில் ஆவலை அடக்க முடியாமல் பேராசிரியரையே கேட்டுவிட்டாள். பயிற்சிக்காக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள. "இது எல்லாம் மறுபடி வந்தா, நீங்க விழுந்ததும் சேர்த்து, சம்மதமா சார்?" அவர் கண்ணை மூடிக்கொண்டார். இடது கையால் அசையாத வலது கையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார். டீச்சர் நடமாடும் சத்தம் வந்த பக்கம் விரலை நீட்டினார். பிறகு சுவரில் இருந்த மீசையைப் பார்த்து ஒரு முறை முறைத்தார். தலை மேலும் கீழும் ஆடவில்லை, பக்கவாட்டிலும் ஆடவில்லை. அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று அவளால் கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு பிற்பகல் டீச்சர் படிப்பறைக்கு வந்து கதவோரம் நின்றார். கையில் வேலை எதுவும் இல்லை. பயிற்சியாளர் எழுந்து போகட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், நீயும் இரு, அவர் சொல்வது எனக்குப் புரியாவிட்டால் நீ சொல்லு என்றார். புருஷன் எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் எல்லாருக்கும் போன் பண்ணி, நீங்க சாமிகிட்ட வந்துட்டீங்கன்னு சொல்லிட்டேன். உங்களைக் கேக்காமயே சொல்லிட்டேன். இப்போ கேக்குறேன். அந்தப் பாட்டைப் பாடும்போது நீங்க கும்பிடுறீங்களா?"

"இல்லை" என்றார் பேராசிரியர். சொன்னதுமே இடது கையை வேகமாக ஆட்டினார், கரும்பலகையில் எழுதியதை அழிக்கிற மாதிரி. அது வழக்கமாகத் தானாக விழும் 'இல்லை', பதில் இல்லை. நாற்காலிக் கையில் தட்டத் தொடங்கினார். உதடு கூடியது, பிரிந்தது. பயிற்சியாளருக்கு எடுத்துக்கொடுக்கத் துறுதுறுத்தது, ஆனால் எந்த வார்த்தையை என்று எடுத்துக் கொடுப்பாள்? நெற்றியில் வியர்வை வந்தது. மெட்டு வந்தது.

"தெ-ரி-ய-லை."

அவள் ஒருபோதும் பழக்காத வார்த்தை. அவரே போய் எங்கிருந்தோ எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மறுபடி, மெட்டுக் குறைவாக, "தெரியலை" என்றார். இன்னும் ஏதோ மிச்சம் இருந்தது. தட்டிக்கொண்டே இருந்தார். "நல்... நல்லா... இருக்கு."

டீச்சர் பயிற்சியாளரைப் பார்க்கவில்லை. அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தெரியலை, ஆனா பாட நல்லா இருக்கு. டீச்சர் முகத்தில் ஏமாற்றம் வரும் என்று பயிற்சியாளர் பயந்தாள். வந்தது வேறு. இத்தனை வருஷக் குடித்தனத்தில் இந்த ஒரு விஷயத்தில் இந்த மனிதர் 'தெரியலை' என்று சொல்லித் தான் கேட்டதே இல்லை என்று பிறகு அவளிடம் சொன்னார். சாமி இல்லை என்று அவர் சொல்வதைவிட, அதை அவ்வளவு உறுதியாகச் சொல்வதுதான் தன்னை வீட்டுக்குள்ளேயே தனியாக விட்டது என்றார்.

அன்று சாயங்காலம் டீச்சர் மறுபடி போனை எடுத்து நாத்தனாருக்குப் பேசினார். முன்பு சொன்னது அவசரப்பட்டுச் சொன்னது, அவர் தெரியலை என்கிறார், அவ்வளவுதான் என்று திருத்திக்கொண்டார். நாத்தனாருக்கு அது பிடிபடவில்லை. அப்போ வந்தானா வரலையா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

மகனுக்குத்தான் இது கஷ்டமாகப் போனது. பிரார்த்தனையை டேப் என்று சொல்லித் தள்ளிவிட அவனால் முடிந்தது. 'தெரியலை' டேப்பில் இல்லை. "அப்பாவா? அப்பா தெரியலைன்னு சொன்னாரா?" என்று அம்மாவைக் கேட்டான், பயிற்சியாளரைக் கேட்டான், நேராக அப்பாவிடமே கேட்டான். பேராசிரியர் அவனைப் பார்த்து, மெட்டே இல்லாமல், கொஞ்சம் குறும்பாகவே, "தெரியலை" என்றார். பிறகு இரண்டு வாரம் அவன் அந்தப் பக்கம் வரவில்லை. வழக்கு நிறைய என்று சொன்னான். திரும்பி வந்தபோது பழைய மாணவர்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு வந்தான். அவனால் தனியாகத் தீர்க்க முடியாததைச் சபையில் வைக்க வந்தவன் மாதிரி இருந்தது.

ஐந்தாறு பேர். எல்லாரும் நரைக்கத் தொடங்கிய ஆட்கள், ஆனாலும் அந்தக் கூடத்தில் நுழைந்ததும் வகுப்புக்குத் தாமதமாக வந்தவர்கள் போல ஒடுங்கி உட்கார்ந்தார்கள். பயிற்சியாளர் தன் நேரத்தை விட்டுக்கொடுத்து ஓரமாக அமர்ந்தாள். பேராசிரியர் பாடினார், இரண்டு வரியும் முழுசாக. ஒரு மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணாடி போட்ட ஒருவர், இது வெறும் மூளைப் பழக்கம், இதற்கு அர்த்தம் தேடக் கூடாது என்றார். அர்த்தம் தானாகக் கிடைப்பதல்ல, உண்டாக்குவது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தானே, அவர் இப்போது உண்டாக்கிக்கொள்கிறார் என்றாள் மாணவி. நம்பிக்கை செத்த பிறகும் அதன் நிழல் ரொம்ப நாள் சுவரில் விழும் என்று சார் நடத்தினாரே, இது அந்த நிழல்தான் என்றார் இன்னொருவர். நிழல் இவ்வளவு நன்றாகச் சுருதி சேருமா என்றாள் அவள். கலைதான் உண்மையைத் தாங்க நமக்குக் கிடைத்த ஒரே வழி என்றால், பாட்டைப் பாட்டாகவே விட்டால் என்ன என்று மகன் மெதுவாகச் சொன்னான். அவன் அப்படிச் சொல்வான் என்று அவனே எதிர்பார்க்கவில்லை போலிருந்தது.

பேராசிரியர் ஒவ்வொருவர் பக்கமும் திரும்பித் திரும்பிக் கேட்டார். அவர் அவ்வளவு உயிர்ப்போடு இருந்து பயிற்சியாளர் பார்த்ததில்லை. நடுநடுவே "இல்லை" என்றார், பெரும்பாலும் அது சரியான இடத்தில் விழுந்தது.

டீச்சர் எல்லாருக்கும் டீ கொடுத்துவிட்டு, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு கொஞ்சம் ஓய்ந்த இடத்தில் அவர் வாயைத் திறந்தார். அந்த வீட்டில் அத்தனை வருஷம் இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு டீ கொடுத்தவர், ஒரு முறைகூட நடுவில் பேசியதில்லை.

"அவர் கும்பிடுறாரா இல்லையான்னு எல்லாரும் கேக்குறீங்க. நான் கும்பிடுறேனான்னு யாரும் கேட்டதில்ல. நானே கேட்டுக்கிட்டதில்ல. கண்ணை மூடுறேன், வாய் அசையுது. பாதி நாள் பால் பொங்கிடுமோன்னுதான் நினைப்பு. ஆனா ஒரு நாள் விட்டுட்டா, அது ஒரு நாள் மாதிரியே இருக்காது. அது பக்தியா பழக்கமான்னு கேட்டா..." என்று நிறுத்தினார்.

 பேராசிரியர் இடது கையால் சக்கரத்தைத் தள்ளி, மாணவர்களை முதுகுப்பக்கம் விட்டு, நாற்காலியை மனைவி பக்கம் திருப்பிக்கொண்டார். தாளம் போடவில்லை. மெட்டு இல்லை.

"சொல்லு" என்றார்.

பயிற்சியாளர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதுவும் அவள் பழக்கியதல்ல. டீச்சருக்கு வெட்கம் வந்துவிட்டது. இத்தனை பேர் நடுவில் என்ன சொல்வது என்றார். அவர் மறுபடி, "சொல்லு" என்றார். மாணவி எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாள்.

டீச்சர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதன்முதலாகத் தான் நிஜமாகக் கும்பிட்டது எப்போது என்று தேடி, ஒரு நாளைக் கண்டுபிடித்தார். இவருடைய வேலை நிரந்தரமாகுமா ஆகாதா என்று இழுத்துக்கொண்டிருந்த சமயம். சாமி இல்லை என்று சொல்லிக்கொடுக்கிற வேலை இவருக்கு நிலைக்க வேண்டும் என்று சாமியிடமே வேண்டிக்கொண்டாராம்.

"ஆர்டர் வந்துடுச்சு. இவர்கிட்ட நான் சொல்லவே இல்ல" என்றார்.

மாணவர்கள் சிரித்தார்கள். பேராசிரியர் எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தார், சிரித்துவிட்டு மேலே சொல்லும்படி கையைக் காட்டினார். அடுத்துப் போக வேண்டிய வீட்டில் ஒரு பெரியவர் பயிற்சிக்காகக் காத்திருப்பார் என்பது பயிற்சியாளருக்கு நினைவு வந்தது. பால்கனிக்குப் போய், வரக் கொஞ்சம் தாமதமாகும் என்று போனில் சொல்லிவிட்டு, கதை எதுவும் தவறிவிடக் கூடாதே என்று வேகமாக உள்ளே வந்தாள்.